சீனரி அண்ணாச்சி செத்துப்போய்த் தேர்ந்தெடுத்த தீவு

கடலை ஒரு தடவைகூடப் பார்க்காமல், உலகத்தின் மூன்று மூலைகளில் இருந்த மூன்று கடற்கரை ஓட்டல்களைத் தனக்காகப் போட்டி போட வைத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் சிவகாசியில், நான் குமாஸ்தாவாக இருந்த காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சீனரி அண்ணாச்சி.

காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுப்பதில் இரண்டு இலாகா உண்டு. சாமி படங்கள் முதலாளியின் இலாகா. இயற்கைக் காட்சி, அதாவது சீனரி, அண்ணாச்சியின் இலாகா. சீனரி எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஜவுளிக் கடைக்கு எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்கள் வருவார்கள். முருகனைப் போட்டுக் கொடுத்தால் ஒரு தெரு மாட்டும், அடுத்த தெரு சுருட்டி வைக்கும். அருவியும் ஏரியும் என்றால் எல்லார் வீட்டு ஆணியும் ஏற்றுக்கொள்ளும். அதனால் கடைக்காரர்களுக்குக் காட்டும் மாதிரி ஆல்பத்தில் கடைசி ஆறு பக்கம் சீனரி.

அந்த ஆறு படங்களுக்கு அண்ணாச்சி வருடம் பூராவும் பாடுபடுவார். அச்சகத்துக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை இருந்தது. கட்டிலுக்கு எதிரே படத்தை மாட்டி, ஒன்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குவார். பத்தாம் நாள் தீர்ப்பு. "பாத்து அலுக்கலேன்னா அது சீனரி. அலுத்துட்டா அது வெறும் போட்டோ."

இன்னொரு பரீட்சையும் வைத்திருந்தார். எங்கள் தொழிலில் ஈரம்தான் எமன். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் காகிதம் ஒரு நூல் விரிந்துவிடும். மஞ்சளுக்கு மேல் நீலம் சரியாக உட்காராது. கிருஷ்ணருக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். ஆகவே அண்ணாச்சி எந்த ஊர்ப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அங்கே அச்சு ஓட்ட முடியுமா என்றுதான் பார்ப்பார். காஷ்மீர் ஏரியை எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தபோது, இந்தப் பனியில் காகிதம் என்னத்துக்கு ஆகும் என்று ஒதுக்கிவிட்டார். சுவிட்சர்லாந்தும் அப்படியே தோற்றது. கடைசியில் தீவு என்று முடிவு செய்தார். மழையே பெய்யாத எங்கள் ஊர் ஜனங்களுக்கு நாலாபுறமும் தண்ணீர் என்றால் குளிர்ச்சியாக இருக்கும், தீவில் வெயிலும் உண்டு என்பது அவர் வாதம்.

தீவுக்கு எங்கே போவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். வெடிக்குக் குழாய் சுற்ற, பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பழைய காகிதம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இருக்கும். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிடங்குகளுக்குப் போய்ப் புரட்டுவார். அப்படித்தான் ஹவாய், ஜமைக்கா, ஃபிஜி என்று மூன்று தீவுகளில் இருந்த மூன்று ஓட்டல்களின் விளம்பரம் கிடைத்தது. ஹவாய் ஓட்டலின் இடதுபாதி மட்டும்தான் இருந்தது. வலதுபாதி அதற்குள் வெடியாகி, யாரோ வீட்டு வாசலில் வெடித்தும் போயிருந்தது.

பாதி ஓட்டலை வைத்து முழுக் காலண்டர் போட முடியாது. ஆகவே அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி டைப்பும் கற்றவன். அந்த ஓட்டல்காரர்களுக்கு எழுதினால் முழுப்படம் போட்ட புத்தகமே அனுப்புவார்கள் என்றார். அச்சகத்துக்குப் படம் வேண்டும் என்று எழுதினால் ஒருவன் மதிக்க மாட்டான். ஒரு பெரிய மனிதர் ஓய்வெடுக்க வரப் போகிறார், எந்தத் தீவு என்று யோசிக்கிறார் என்று எழுத வேண்டுமாம். பெரிய மனிதர் தானே கையெழுத்துப் போட மாட்டார் என்பதால், பிரைவேட் செக்ரட்டரி என்று என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சித்திரையில்தான் எங்கள் மூத்த மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று வாய்வார்த்தையாக முடித்திருந்தோம். அதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது. "பொண்ணைக் கட்டிக் குடுக்க வேண்டிய நேரத்துல கண்ட இடத்துல கையெழுத்துப் போடாதீக" என்றாள். போட்டாகிவிட்டது.

அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த அந்தக் கடிதம் மாதிரி ஒன்றை எந்த ஓட்டலும் பார்த்திருக்காது. அறையிலிருந்து சமையல்கட்டு எத்தனை எட்டு? காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? காகிதத்தை மேஜையில் வைத்தால் மறுநாள் விறைப்பாக இருக்குமா, தொய்ந்திருக்குமா? கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? விளம்பரப் படத்தில் இடது ஓரத்தில் சாய்ந்து நிற்கும் தென்னை இன்னும் நிற்கிறதா?

ஒன்றரை மாதத்தில் மூன்று பேரும் பதில் போட்டார்கள். கூடவே வழவழப்பான காகிதத்தில் கலர் புத்தகங்கள். அச்சகமே என் மேஜையைச் சுற்றி நின்றது.

படம் வந்துவிட்டதே, அதோடு விட வேண்டியதுதானே? அண்ணாச்சி விடவில்லை. கேட்டு விசாரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையாம். மூன்று ஓட்டலையும் ஒன்பது ஒன்பது நாள் எதிரே வைத்துச் சாப்பிட்டார். உண்மையாகவே பெட்டி கட்டப் போகிறவர் மாதிரி யோசித்தார். ஜமைக்கா மானேஜர் தங்கள் கடற்கரை மணல் சீனி மாதிரி வெள்ளை என்று எழுதியிருந்தார். சீனி மாதிரி என்றால் எறும்பு வருமே, கேட்டு எழுதுங்கள் என்றார். ஃபிஜி மானேஜர் மட்டும் கையால், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'இங்கே அடிக்கடி மழை பெய்யும், மறைக்க விரும்பவில்லை. காகிதம் தொய்ந்துதான் போகும்.' அண்ணாச்சி அந்தக் கடிதத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "யோக்கியன். ஆனா ஈரமாச்சே" என்று வருத்தத்தோடு ஒதுக்கினார்.

பிறகு மூன்று பேருக்கும் மறுப்புக் கடிதம் சொன்னார். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வார்களோ, அப்படியே. 'தங்கள் இடம் எங்களுக்கு எல்லா வகையிலும் பிடித்தமானதே. ஆயினும் பொருத்தம் கூடிவரவில்லை. தங்களுக்கு இதைவிட நல்ல இடம் அமையப் பிரார்த்திக்கிறோம்.' இதை இங்கிலீஷில் அடிக்கும்போது என் விரல்கள் கூசின.

ஓட்டல்காரர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ, போட்டி ஆரம்பித்துவிட்டது. ஹவாய்க்காரர் மேல்மாடியில் கடலைப் பார்த்த அறை தருகிறோம், விமானத்திலிருந்து இறங்கியதும் பூமாலை போட்டு வரவேற்போம் என்று எழுதினார். அண்ணாச்சி பெருமை தாங்காமல் அச்சகம் முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். "மாலை போடுதானாம். பொண்ணு வீட்டுக்காரன் இறங்கி வந்துட்டான்." ஜமைக்காக்காரர் தனியாக ஒரு படகு தருவதாகச் சொன்னார். ஃபிஜிக்காரர் மழை குறைந்த மாதங்களைப் பட்டியல் போட்டு அனுப்பினார். அண்ணாச்சி மறுபடியும் மறுத்தார். அவர்கள் மறுபடியும் இறங்கி வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு கவர் என் பெயருக்கு வரத் தொடங்கியது. புதுப்புதுப் படப் புத்தகங்களோடு.

அந்தப் படங்களில் ஒரு சங்கடம் இருந்தது. கடற்கரை என்றால் கடல் மட்டும் இல்லை. நீச்சல் உடையில் வெள்ளைக்காரப் பெண்கள் அங்கங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். இதைக் காலண்டரில் போட்டால் எந்த வீட்டுச் சுவரும் தாங்காது. அதற்கும் எங்கள் அச்சகத்தில் ஒரு முறை உண்டு. படத்தைப் பார்த்து வரையும் ஓவியர் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு பாறையாக மாற்றிவிடுவார். படுத்திருந்தால் நீளப் பாறை, உட்கார்ந்திருந்தால் குத்துப் பாறை. அந்தக் காலத்து எங்கள் சீனரிகளில் கடற்கரையில் அத்தனை பாறை ஏன் என்று யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளையின் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு அச்சகத்து வாசலில் வந்து நின்றார். அவருக்குத் தபால் இலாகாவில், சிவகாசி உட்படச் சுற்றுவட்டாரத் தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. அச்சடித்த புத்தகங்கள் அனுப்பும் கவரை ஒட்ட மாட்டார்கள், வாய் திறந்தே இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் பெயருக்கு வந்த கவர்கள் எல்லாம் என் வருங்காலச் சம்பந்தியின் கை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் முதல் ஆளாக வாசலுக்கு ஓடுவது அந்தச் செவ்வாய்க்கிழமையால்தான்.

அவர் உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றார்.

"உங்க பேருக்கு வாரத்துக்கு ரெண்டு வருது. ஒண்ணுலயும் துணி சரியா இல்லை."

நான் மேஜை மேல் கிடந்த கவரை ஒரு பேரேட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"போன வாரம் வந்ததுல மட்டும் ஏழு பொம்பளைக. ஒரு பொண்ணைப் பெத்தவரு பாக்குற படமா இது? வீட்டுல என் சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி வந்துவிட்டார். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. வந்தவரின் கையைப் பிடித்து ஓவியர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே பலகையில் ஹவாய் கடற்கரை முடியும் தறுவாயில் இருந்தது. பக்கத்திலேயே போன வாரம் வந்த புத்தகம் விரித்து வைத்திருந்தது.

"லெட்டர் எழுதுனது நானு. இவரு கையெழுத்து மட்டுந்தான். பாருங்க, எங்க கம்பெனிக்குள்ள பொம்பளையா வருவாக, பாறையாத்தான் வெளிய போவாக."

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருடம் தபால் பிரித்த கண். குடையின் நுனியால் புத்தகத்தில் ஒரு பெண்ணைத் தொடுவார், பலகையில் அதற்கான பாறையைத் தொடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்தார்.

"ஆறுதான் இருக்கு."

ஓவியர் பலகை மேல் குனிந்து தானும் எண்ணினார்.

"நீலக் குடைக்குப் பின்னால ஒண்ணு. காலு மட்டும் தெரியுது. அதை அப்படியே வரைஞ்சு வச்சிருக்கீக."

பார்த்தால் உண்மைதான். குடைக்குப் பின்னாலிருந்து முழங்கால் வரை ஒரு கால், அழகாக, சந்தன நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அச்சுத் தகடு எடுக்க வேண்டிய படம். அதை ஆர்டர் கொடுத்திருந்தவர் பள்ளிக்கூடப் புத்தகக் கடைக்காரர். ஓவியர் வியர்த்துப்போய்த் தூரிகையை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் அந்தக் கால் ஒரு துடுப்பாகிவிட்டது.

சம்பந்தி அப்புறம்தான் உட்கார்ந்தார். காப்பியும் குடித்தார். அண்ணாச்சி மூன்று ஓட்டலையும் அவர் முன்னால் பரப்பி யோசனை கேட்க, ஜமைக்காத் தபால் வந்து சேர எத்தனை நாளாகிறது தெரியுமா, அவ்வளவு தூரம் போகாதீர்கள் என்று அவரும் அக்கறையாக ஆலோசனை சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"எனக்குப் புரிஞ்சிருச்சு. வீட்டுல பொம்பளைகளுக்குப் புரியாது. தை வரைக்கும் இந்த மாதிரிக் கவர் இன்னொண்ணு வரக் கூடாது. வந்துதுன்னா இந்தச் சம்பந்தத்தை என்னால காப்பாத்த முடியாது. பொறவு என்னைக் குத்தம் சொல்லாதீக."

அன்று மாலை நான் அண்ணாச்சியிடம் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது இடமும் கலைந்தால் என் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குச் சாப்பாடு அனுப்பும் மெஸ்காரர் சொன்னார். அந்தக் கடிதங்கள் வருவதுதான் அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய விசேஷம் என்பது எனக்கும் தெரியும். ஒரு சாதாரண அச்சகத்துச் சிப்பந்தியை 'மதிப்புக்குரிய பிரபு' என்று வேறு யார் அழைக்கப்போகிறார்கள்?

மூன்றாம் நாள் காலை என் மேஜைக்கு வந்தார்.

"நான் செத்துப் போறேன் தம்பி."

"அண்ணாச்சி, என்ன பேச்சு இது?"

"லெட்டர்லதான். வேண்டாம்னா இன்னும் இறங்கி வாரான். சரின்னா எந்த தேதின்னு கேப்பான். செத்தவனுக்கு மட்டுந்தான் எவனும் ரூம் குடுக்க மாட்டான். அடிங்க."

பக்கத்தில் நின்று வாசகம் சொன்னார். எங்கள் பிரபு சிறிது காலம் சுகவீனமாக இருந்து காலமானார் என்றவர், நல்லவர் என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். கொஞ்சம் யோசித்து, அதோடு போதும், ரொம்பப் புகழ்ந்தால் நம்ப மாட்டான் என்றார். மூன்று கவரையும் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு, ஒரு வழியாக இறந்து முடித்த நிம்மதியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

நாங்கள் இருவரும் ஒன்றை யோசிக்கவில்லை. செத்த வீட்டுக்கு மனிதர்கள் துக்கம் கேட்பார்கள்.

மார்கழிக் கடைசியில், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சம்பந்தி மறுபடியும் குடையோடு வந்தார். இந்தத் தடவை என் வீட்டுக்கு. என் மனைவி உள்ளே போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எல்லாம் அவரே எழுதியிருந்தார். என் பெயருக்கு வரும் தபால்களை இன்ன தேதி வரை பட்டுவாடா செய்யாமல் அலுவலகத்திலேயே வைத்திருக்க வேண்டுகிறேன் என்று என் விண்ணப்பம். என்ன ஏது என்று கேட்டேன்.

"இப்பச் சொன்னா உங்க சம்சாரத்து காதுல விழும். கையெழுத்துப் போடுங்க. எல்லாம் சட்டப்படிதான்."

கையெழுத்து என்றாலே பயந்துகொண்டிருந்தவன், மறுபடியும் போட்டேன். அவர் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு மாலை ரோஜாவா சம்பங்கியா என்று சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. நல்லபடியாக நடந்தது. சீனரி அண்ணாச்சி பந்தியில் நின்று, வந்தவர்களை எல்லாம் தன் வீட்டு விசேஷம் மாதிரி இன்னொரு அப்பளம் வைத்துக்கொள்ளச் சொல்லி அதட்டினார். தாலி ஏறும்போது நான் அழுதேன். அவர் என்னைவிடச் சத்தமாக அழுததால் என் அழுகையை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்குப் பிறகு, சம்பந்தி என்னையும் அண்ணாச்சியையும் தனியாக அழைத்து ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். உள்ளே மூன்று கவர்கள். இரண்டுக்கு ஓரம் சுற்றிலும் கறுப்புப் பட்டை. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி எழுதிய கடிதத்தின் மூலையில் கரி தடவுவார்கள். வெள்ளைக்காரர்கள் நாலு பக்கமும் தடவியிருந்தார்கள். பெண்ணுக்கு நலுங்கு வைக்கிற வாரத்தில் இது அச்சகத்து வாசலில் வந்து இறங்கி ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அண்ணாச்சிக்கு அந்தக் கவலை ஏதும் இல்லை. "என்ன எழுதியிருக்கான், படிங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன்னுடைய துக்கக் கடிதங்களைத் தானே கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஜமைக்காவிலிருந்து வந்தது அச்சடித்த அட்டை. பெயர் மட்டும் மையில் நிரப்பியிருந்தார்கள். அண்ணாச்சி அச்சு எப்படி என்று தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். ஹவாய்க்காரர் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்கள் வர விரும்பினால் என்று புது வாடகை அட்டை ஒன்றும் இணைத்திருந்தார். சம்பந்தியே 'சீ' என்றார்.

ஃபிஜிக் கவரில் கறுப்புப் பட்டை இல்லை. உள்ளே அந்தப் பெரிய பெரிய கையெழுத்து. நான் தமிழில் சொல்லச் சொல்ல இருவரும் கேட்டார்கள். 'முப்பது வருடமாக இந்த ஓட்டலை நடத்துகிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர். அந்தக் கடிதம் வந்த அன்று நானே போய் இறைத்துக் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான். இதை முன்பே எழுதாமல் போனேன். என் ஓட்டலுக்கு வராமல் போனவர்களில் நான் வருந்துவது அவர் ஒருவருக்காகத்தான்.'

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஈரம் இருந்துட்டுப் போகுது. போனா இங்கனதான் போகணும் தம்பி."

"எழுதட்டுமா?" என்றேன்.

"என்னத்த எழுத? அதான் செத்தாச்சே."

அடுத்த வருடம் புத்தாண்டு சமயத்தில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கவலையில் நான் அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். வாசலில் தபால்காரரின் மணி கேட்டு எழுந்தவன், அவர் நிற்காமல் கடந்து போக, பின்னாலேயே அண்ணாச்சியைப் பார்த்தேன். வெளுத்த வேட்டி கட்டி, தலை வாரி, கையில் ஒரு வாழ்த்து அட்டையோடு நின்றிருந்தார். ஃபிஜி மானேஜர் அனுப்பியது. அச்சகத்தில் என் மேஜைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நேரே வந்திருக்கிறார். அட்டையில் கடலும் தென்னையும். நடுவில் ஓர் ஆள்கூட இல்லை.

என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக இருக்கிறதே, உங்கள் அறையிலேயே மாட்டிக்கொள்ளலாமே அண்ணாச்சி என்றாள். அவருக்கு அந்த அறையைத் தவிர வேறு வீடு கிடையாது. உற்றார் உறவு என்று யாரும் வந்து நாங்கள் பார்த்ததும் இல்லை.

"மேல பாரு தாயி. காலஞ்சென்றவரின் குடும்பத்தாருக்குன்னு போட்டிருக்காம். ஆபீஸுல படிச்சுச் சொன்னாக." அவர் செருப்பைக் கழற்றினார். "அதான் இங்கன கொண்டாந்தேன்."

என் மனைவி உள்ளே போய் இன்னும் ஓர் இலை போட்டாள்.